புகையானும் அதன் குலத்துப் பூச்சிகளும்

சம்பா நெற்பயிர் பொதி கட்டிக் கதிர் வெளிவருஞ் சமயத்தில், நன்றாய்ச் செழித்திருந்த வயலின் நடுவே ஓரிடம் வட்டமாகப் பழுத்து, நான்கைந்து தினங்களில் புகை தட்டியதுபோலக் காய்ந்து மடிவதை நம் புதுக்கோட்டைப் பகுதிக் குடியானவர்களில் பார்த்திராதவர் சிலரே. வட்டம் நாளுக்கு நாள் விரிந்து, பக்கத்து வட்டத்துடன் கூடி, கவனியாது விட்டால் வயல் முழுவதும் தீயில் வாட்டிய வைக்கோல்போல் ஆகிவிடும். இவ்வுபத்திரவத்திற்குப் புகையான் என்று நம்மவர் இட்டிருக்கும் பெயர் மிகவும் பொருத்தமானதே. ஆயினும் அப்பெயர் சேதத்தின் தோற்றத்தைக் காட்டுமளவு சேதம் செய்யும் பிராணியைக் காட்டுவதில்லை. அதனாலோ என்னவோ, காய்ந்த பயிரைக் காண்போர் பலரும் பிராணியைத் தேடாமல் வேறு காரணங்களைத் தேடுகிறார்கள்.

இப்படித் தேடிப் பிழை செய்தவர்களுள் இதை எழுதுபவனும் ஒருவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில், சித்தன்னவாசல் குன்றுக்குக் கிழக்கே கண்மாய்ப் பாசனத்திலுள்ள ஒரு வயலைப் பார்க்க அழைக்கப்பட்டேன். வரப்பின்மேல் நின்றபடியே பார்த்தேன். இரண்டு இடங்களில் பயிர் பழுத்திருந்தது. மேட்டுப்பாங்கான இடமென்றும் தண்ணீர் எட்டவில்லையென்றும் தீர்மானித்து, நீர் நிறுத்திக் கட்டும்படி சொல்லித் திரும்பினேன். பத்து நாள் கழித்து மறுபடி சென்றபோது இரண்டு வட்டங்கள் ஏழாகியிருந்தன. அங்கே களை பறித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "தண்ணீருக்குக் குறைவில்லை ஐயா, தூரைப் பாருங்கள்" என்று சொல்லி ஒரு தூரை இரண்டு கைகளாலும் விரித்துத் தட்டினார். தவிட்டு நிறமான சிறு பூச்சிகள் நூற்றுக்கணக்கில் நீரின்மேல் உதிர்ந்து, பக்கவாட்டில் தத்தித் தத்தி மறுபடியும் தண்டில் ஏறின. வயலுக்குடையவர் அதற்கு மூன்று வாரம் முன்பு, இலை சுருட்டுப் புழுவுக்கென்று கடையில் கொடுத்த மருந்தைத் தெளித்திருந்தார் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. நான் கட்டச் சொன்ன தண்ணீரும் அவர் தெளித்த மருந்தும் ஆகிய இரண்டுமே அப்பூச்சிக்கு அநுகூலமாய் முடிந்தன. அவ்வருஷம் அவ்வயலில் அறுவடைக்கு எஞ்சியது சொற்பமே.

ஆகவே இப்பூச்சி எக்குலத்தைச் சேர்ந்தது, எவ்வடையாளங்களால் அதை மற்றவற்றினின்று பிரித்தறியலாம் என்பது வித்துவான்களுக்கு மாத்திரம் உரிய விஷயமன்று. தத்துப்பூச்சி என்ற ஒரே பெயரால் நாம் அழைக்கும் பூச்சிகளுள் சில இலையில் வசிப்பவை, சில தூரில் வசிப்பவை. ஒன்றுக்கு ஏற்ற பரிகாரம் மற்றொன்றுக்குக் கேடாக முடிவதுண்டு.

குல அடையாளம்

பூச்சிகளுள் வாய் ஊசிபோல் அமைந்து பயிரின் சாற்றை உறிஞ்சுபவை ஒரு பெரு வகுப்பாகும். செடிப்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, சில்வண்டு முதலியன இவ்வகுப்பினவே. தத்துப்பூச்சிகளும் இதிலடங்கும். இவற்றுள் இலைத் தத்துப்பூச்சிகள் ஒரு கிளை. நெல்லிலைகளில் காணும் பச்சைத் தத்துப்பூச்சி அதைச் சேர்ந்தது. புகையானும் அதன் உறவினங்களும் வேறு கிளை. சாஸ்திரத்தில் இரண்டாவது கிளைக்குப் புல்கோராய்டியா என்று பெயர்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு பூதக்கண்ணாடி போதும். பூச்சியின் பின்காலைப் பார்க்கவேண்டும். பச்சைத் தத்துப்பூச்சியின் பின்காலில் முழங்காலுக்குக் கீழ் சீப்பின் பற்களைப்போல் வரிசை வரிசையாய் முட்கள் இருக்கும். புகையானுக்கு அவ்வரிசைகள் இல்லை. அதற்குப் பதிலாக, பின்காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பாகம் முடியும் இடத்தில், சேவலின் கால்முள்ளை ஒத்த ஒரு பெரிய முள் தனித்து நிற்கும். ஊசி முனையால் தொட்டால் அது அசையும். உடலோடு ஒன்றாய் வளர்ந்த முள்ளன்று, மூட்டுடையது என்பதே இதில் விசேஷம். இவ்வசையும் கால்முள் புல்கோராய்டியாக் கிளையிலும் ஒரே ஒரு குடும்பத்திற்கே உரிய அடையாளம். டெல்பாசிடே என்பது அக்குடும்பத்தின் பெயர். உலகெங்கும் இதில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பான்மையானவை புல்லினத்தையும் அதற்கு நெருங்கிய செடிகளையுமே அண்டி வாழ்பவை. நெல், சோளம், கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் புல்லினமே ஆதலால், உலகத்தின் உணவுக்கு இக்குடும்பம் இழைக்கும் தீங்கு அதன் உருவத்திற்குச் சற்றும் பொருந்தாதது. பூச்சியின் நீளமோ நெல்மணியின் பாதிகூட இராது.

கண்ணாடி கிடைக்காதவர்கள் கொம்பைக் கவனிக்கலாம். உணர்கொம்பு இரண்டும் கண்ணுக்குக் கீழே பொருந்தியிருக்கும். அடிக்கணுக்கள் தடித்தும் நுனி மயிர்போல் மெலிந்தும் காணும். இலைத் தத்துப்பூச்சிக்கு அவை கண்களுக்கு நடுவில் மிக நுண்ணியவாய் இருக்கும். கண்பார்வை குறைந்தவர்களுக்கு இதுவும் கஷ்டமே. அவர்களுக்கு வாசஸ்தலமே போதுமான அடையாளம்: இலையைத் தட்டினால் பறப்பது ஒன்று, தூரைத் தட்டினால் நீரில் விழுவது மற்றொன்று.

வகுப்பு முறை மாறிய விதம்

புகையானுக்கு முதன்முதல் சாஸ்திரப் பெயரிட்டவர் சுவீடன் தேசத்து ஸ்டால் என்பவர். ஜாவாத் தீவிலிருந்து கிடைத்த பூச்சியைக் கொண்டு 1854-ம் வருஷத்தில் லூகென்ஸ் என்று பெயர் சூட்டினார். லத்தீன் பாஷையில் இச்சொல்லுக்குத் துக்கம் காப்பது என்று பொருள். பூச்சியின் இருண்ட நிறத்தை நோக்கி இட்டிருக்கலாமெனினும் குடியானவனுக்கு வேறு அர்த்தம் தோன்றாமற் போகாது. இப்போது இப்பூச்சி அடங்கும் ஜாதியாகிய நிலபர்வதா என்பதை 1906-ல் டிஸ்டண்ட் என்பவர் ஏற்படுத்தினார். இப்பெயர் நம் காதுக்கு நீலபர்வதம் என்றே ஒலிக்கிறது.

அதே 1906-ல் வெளிவந்த, இந்தியாவின் பிராணிகளைப் பற்றிய பெருநூல் வரிசையின் பாகத்தில் டிஸ்டண்ட் இக்கிளை முழுவதையும் ஒரே குடும்பமாகவே வைத்திருந்தார். பிறகு ஹவாய்த் தீவுகளில் கரும்புப் பூச்சிகளை ஆராய்ந்த மியூர் என்பவர் 1930-ல் அதை இருபது குடும்பங்களாக வகுத்தார். இன்றைய வகுப்பு முறை சிற்சில மாறுதல்களுடன் அதனையே தழுவியது.

இக்குடும்பங்களுள் நம் பக்கத்தில் தென்படுபவை பல. கரும்புத் தோட்டம் உள்ளவர்கள் பைரில்லா என்னும் பூச்சியை அறிவார்கள். தலை முன்புறம் அலகுபோல் நீண்டு, வைக்கோல் நிறச் சிறகுகளைக் கூரைபோல் மூடியிருக்கும் அது லோபோபிடே குடும்பத்தது. தன் முட்டைகளை வெண்பஞ்சு போன்ற மெழுகால் மூடிவைக்கும். எருக்கஞ்செடியின் தண்டில் பட்டையோடு பட்டையாய் ஒட்டியிருந்து, தொட்டவுடன் தத்தியோடும் அகன்ற பூச்சி யூரிபிராகிடே குடும்பத்தது. தென்னை முதலிய பனையினங்களின் ஓலைக்கு அடியில் நீண்ட சிறகுகளை விரித்து நிற்கும் மெல்லிய பூச்சி டெர்பிடே. இவற்றில் எதற்கும் அசையும் கால்முள் கிடையாது. பைரில்லாவைக் கண்டு நெல்லுக்கு வந்துவிடுமோ என்று பயந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நெல்வயல் புகையானாகவே மாறுமென்று அஞ்சவேண்டியதில்லை. இரண்டும் வேறு குடும்பம், வேறு வாழ்க்கை.

நம் வயல்களில் இக்குடும்பத்தினர் மூவர்

கால்முள்ளுடைய டெல்பாசிடே குடும்பத்தில் நம் பயிர்களுக்கு முக்கியமாய்க் கேடு செய்பவை மூன்று. முதலாவது புகையான். நிறம் தவிட்டிலிருந்து கரும்பழுப்பு வரை இருக்கும். குஞ்சுகள் முட்டையினின்று வெளிவரும்போது வெளுத்திருந்து பின்னர்ப் பழுப்பாகும். இரண்டாவது வெண்முதுகுத் தத்துப்பூச்சி. சிறகுகள் சேருமிடத்திற்கு முன்னால் முதுகில் வெள்ளைப் பட்டை ஒன்று தெளிவாய்த் தெரியும். குஞ்சுகளின் உடலில் சாம்பலும் வெள்ளையும் கலந்த புள்ளிகள் இருக்கும். இது பெரும்பாலும் பயிரின் இளம் பருவத்திலேயே வந்துவிடும். பின்பருவத்தில் வந்து வட்டமாய்க் காய வைப்பதில் புகையானுக்கு இது இரண்டாம்பட்சமே. மூன்றாவது சோளத்தின் குருத்தினுள் கூட்டமாய் வசிப்பது. சோளக்குருத்தில் எறும்புகள் ஏறியிறங்குவதைக் கண்டால் உள்ளே இப்பூச்சி இருக்கிறதா என்று விரித்துப் பார்க்கவேண்டும். பூச்சி கழிக்கும் தேன் போன்ற திரவத்திற்காகவே எறும்புகள் அங்கே வருகின்றன.

நான்காவதாக ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம், நம் வயல் விஷயமன்றாயினும். பெர்கின்ஸியெல்லா என்னும் கரும்புத் தத்துப்பூச்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளின் கரும்பை அழிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. மேலே சொன்ன மியூர், அதன் முட்டைகளை உறிஞ்சித் தின்னும் ஒரு சிறு நாவாய்ப்பூச்சியை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் பிஜியிலும் கண்டு, 1920-ல் ஹவாய்க்குக் கொண்டுவந்து விட்டார். பெருஞ்சேதம் அதனோடு அடங்கிற்று. அந்நாவாய்ப்பூச்சிக்கு நெருங்கிய உறவினம் ஒன்று நம் நெல்வயல்களில் ஏற்கெனவே இருக்கிறது. பச்சை நிறமாய், கருந்தலையோடு தூர்களில் ஓடித் திரியும் அதை மிரிட் நாவாய்ப்பூச்சி என்பார்கள். ஹவாய்க்காரர்கள் கடல் கடந்து தேடியதை நாம் மருந்து தெளித்துக் கொல்கிறோம்.

சேதம் உண்டாகும் விதம்

பெண்பூச்சி இலையுறையின் சதையைக் கீறி, வாழைப்பழ வடிவமான முட்டைகளை வரிசையாய் உள்ளே பதிக்கும். ஆயுளில் ஏறக்குறைய இருநூறு முட்டைகள் இடும். ஏழு முதல் ஒன்பது நாளில் குஞ்சுகள் வெளிவந்து, ஐந்து முறை தோலுரித்து, சுமார் இரண்டு வாரத்தில் முழுப்பூச்சிகளாகும். ஆக, ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதமே. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் பறந்து வந்து சேரும் பூச்சியின் பேரப்பிள்ளைகளே கதிர்ப்பருவத்தில் வயலைக் காய்ப்பவை.

சிறகின் விஷயம் இக்குடும்பத்தின் விந்தைகளுள் ஒன்று. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவற்றுள் சில நீண்ட சிறகுடனும் சில பாதி உடலை மட்டும் மூடும் குறுஞ்சிறகுடனும் வளரும். பயிர் சாறு நிறைந்திருக்கும்வரை குறுஞ்சிறகுப் பூச்சிகள் மிகும். அவை பறவாமல் அவ்விடத்திலேயே தங்கி அதிக முட்டை இடும். கூட்டம் நெருங்கி, பயிர் வாடத் தொடங்கியதும் நீள்சிறகுப் பூச்சிகள் தோன்றி அடுத்த வயலுக்குப் பறக்கும். குறுஞ்சிறகுப் பெண்பூச்சிகளைத் தூரில் கண்டால் அபாயம் கருக்கொண்டுவிட்டது என்றே கொள்ளவேண்டும். அப்போது இலைகள் பச்சைப் பசேலென்றிருக்கும், வரப்பில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நீள்சிறகுப் பூச்சிகள் காற்றோடு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம்: 1967 ஜூலையில் ஜப்பானுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில் நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலொன்றின்மேல் இவ்வினப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாய் வந்து விழுந்தன. ஜப்பானின் குளிரில் புகையான் பிழைத்திராது. வருஷந்தோறும் தெற்கேயிருந்து காற்றில் வருவதே. அந்நாட்டில் 1732-ல் ஏற்பட்ட கொடிய பஞ்சத்திற்குத் தத்துப்பூச்சிகளே முக்கிய காரணமென்று சொல்லப்படுகிறது.

நம் பக்கத்தில் கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74-ம் வருஷ சாகுபடியில் புகையான் பெருகியது. தாக்குண்ட பரப்பு ஏறக்குறைய 50,000 ஹெக்டேர் என்று கணக்கிடப்பட்டது. அதற்கு முன் தென்னாட்டில் புகையான் இல்லாமலில்லை. ஆனால் சிறு உபத்திரவமாகவே கருதப்பட்டு வந்தது. குட்டையான உயர்விளைச்சல் ரகங்கள், நெருக்க நடவு, அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து, அடிக்கடி மருந்து ஆகிய இவை ஒன்றுசேர்ந்த பிறகே அது பெருவியாதியாயிற்று. தழைச்சத்து மிகுந்த பயிரின் சாறு பூச்சிக்குப் போஷணை மிகுந்த ஆகாரம். வட்டமாய்ப் பழுப்பதைக் கண்டு சத்துக் குறைவென்று யூரியா வீசுகிறவர்கள் பூச்சிக்கே விருந்து வைக்கிறார்கள்.

மருந்தினால் கேடு எப்படி வருமென்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பெண்பூச்சி இருநூறு முட்டை இடுகிறது. சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி, முட்டையைத் துளைக்கும் குளவி முதலியவை பத்தில் ஒன்பதைத் தின்றுவிட்டால் எஞ்சுவது இருபது. அதில் பாதி பெண்ணானால் இரண்டாம் தலைமுறையில் இருநூறும் மூன்றாம் தலைமுறையில் இரண்டாயிரமும் ஆகும். அப்பிராணிகளை மருந்தால் கொன்றுவிட்டு, முட்டைகளில் பாதி பிழைப்பதாக வைத்துக்கொண்டால், மூன்றாம் தலைமுறையில் இரண்டரை லக்ஷம். பைரித்திராய்டு வகை மருந்துகள் நெல்லில் இவ்விதமே வேலை செய்கின்றன. இலை சுருட்டுப் புழுவைக் கொல்லும்; தண்டினுள் பொதிந்த புகையான் முட்டையைத் தொடாது; சிலந்தியை மிச்சம் வைக்காது. இந்தோனேசியா தேசத்தார் பல வருஷம் இப்படிக் கஷ்டப்பட்டு, 1986-ல் ஜனாதிபதியின் உத்தரவினால் 57 பூச்சி மருந்துகளை நெற்பயிருக்கு விலக்கினார்கள். அதனால் அந்நாட்டு நெல் விளைச்சல் குறைந்துவிடவில்லை.

ரகங்களைப்பற்றிச் சிறிது

பூச்சியைத் தாங்கும் ரகங்கள் உண்டா என்பது எல்லாக் கூட்டங்களிலும் கேட்கப்படுகிற கேள்வி. உண்டு; அவற்றின் மூலம் பெரும்பாலும் தென்னாட்டின் பழைய நெல்லே. முட்கோ என்னும் இந்திய நெல்லின் தாங்கு சக்தியைப் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்து 1973-ல் ஐ.ஆர். 26 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். நம் அம்பாசமுத்திரத்துக் கார்சம்பா நெல்லாகிய ஏ.எஸ்.டி. 7-ல் கண்டறியப்பட்ட வேறொரு குணம் 1976-ல் வந்த ஐ.ஆர். 36-ல் அமைந்தது. ஐ.ஆர். 26 சில வருஷங்களுக்குள்ளேயே தோல்வியுற்றது. அதைத் தாங்கித் தின்னக்கூடிய புகையான் வகை பெருகிவிட்டதே காரணம். நம் நாட்டுப் புகையானோ தொடக்கத்திலிருந்தே வேறு வகையினது. முட்கோவும் கார்சம்பாவும் கடல் கடந்து உதவின, இங்கே உதவவில்லை. இங்கு நிலைத்து நிற்பது பட்டாம்பியில் தெரிந்தெடுத்த பி.டி.பி. 33 என்னும் கேரளத்து நெல். நம் நாட்டில் ரகங்களைப் பரிசோதிக்கும்போது தாங்கும் ரகத்திற்கு அளவுகோலாக இதனையே வைக்கிறார்கள். ஆகையால் தாங்கும் ரகமென்று விதை வாங்கிய தைரியத்தில் தூரைப் பாராமல் இருந்துவிடக்கூடாது.

செய்யவேண்டியவை

நடவின்போதே எட்டடிக்கு ஒரு முறை ஓரடி அகலம் பட்டம் விட்டு நடவேண்டும். வெயிலும் காற்றும் தூருக்குச் செல்லும். பிறகு மருந்து தெளிக்க நேர்ந்தாலும் ஆள் நடக்க வழியிருக்கும். நிலம் வீணாகிறதென்று தயங்குவோர் உண்டு. பட்டத்தின் இருபுறத்துப் பயிர் நன்கு தூர் கட்டுவதை ஒரு போகம் கண்டால் தயக்கம் தீரும். தழைச்சத்தை ஒரே முறையாய் இடாமல் பகுத்து இடவேண்டும்.

நட்ட மூன்றாம் வாரம் முதல் வாரம் ஒரு முறை, வரப்பில் நில்லாமல் வயலுக்குள் இறங்கி, குறுக்காக நடந்து, இருபது தூர்களையாவது விரித்துப் பார்க்கவேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தண்டுக்கு ஒரு பூச்சியும், தூருக்கு ஒரு சிலந்தி வீதம் உள்ள வயலில் தண்டுக்கு இரண்டு பூச்சியும் காணும் வரையில் மருந்துக்கு அவசியமில்லை. பூச்சி கண்டவுடன் செய்யவேண்டியது தண்ணீரை வடிப்பதே. மூன்று நான்கு நாள் வடித்துக் காயவிட்டு மறுபடி பாய்ச்சவேண்டும்.

இவ்விடத்தில் நம் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு சங்கடம் உண்டு. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தீட்டிய தாமரைத் தடாகம் ஒருபோதும் வற்றாது. நம் கண்மாய்கள் அப்படியல்லவாதலால், வந்த நீரை வடிக்கக் குடியானவர் மனம் இசைவதில்லை. அன்றியும் வயலிலிருந்து வயலுக்குப் பாயும் ஆயக்கட்டில் ஒருவர் மட்டும் வடிக்கவும் முடியாது. கிராம உத்தியோகஸ்தர்களும் நீர்பாய்ச்சிகளும் மிராசுதாரர்களைக் கூட்டி, ஒரு மடையின்கீழுள்ள வயல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் முறை வைத்தாலன்றி இது நடவாது. வடித்த நீர் கீழ்வயலுக்கு வேண்டிய நீரே ஆதலால் அது வீண்போவதுமில்லை.

மருந்து தவிர்க்க முடியாதானால், முதலில் நீரை வடித்து, தெளிப்பானின் முனையைத் தூருக்கு நேரே பிடித்துத் தெளிக்கவேண்டும். இலைமேல் தெளிப்பது பணத்தைக் காற்றில் விடுவதாகும். ஆரம்பத்தில் வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 200 லிட்டர் நீருக்கு 10 கிலோ பருப்பு வீதம் போதும். மிஞ்சினால், குஞ்சுகளைத் தோலுரிக்க விடாமல் தடுக்கும் புப்ரோபெசின் போன்றவற்றை இலாகா உத்தியோகஸ்தரிடம் அளவு கேட்டு உபயோகிக்கலாம். இமிடாகுளோபிரிட் மருந்துக்கு ஆசியாவின் பல இடங்களில் புகையான் பழகிவிட்டது. பைரித்திராய்டுகளை நெல்லில் அறவே விலக்கவேண்டும்; புட்டியின் மேல் -த்ரின் என்று முடியும் பெயர் கண்டால் பெரும்பாலும் அவ்வகையே.

கிராம உத்தியோகஸ்தர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. சேதம் பதியும்போது வட்டமாய்க் காய்ந்த வயலை வறட்சி என்று எழுதிவிடுவது வழக்கமாயிருக்கிறது. நீர் குறைந்தால் பயிர் மேட்டிலிருந்தும் கடைமடையிலிருந்தும் வாடிவரும். புகையானோ செழித்த நடுவயலில் வட்டமாய்த் தொடங்கும், தூரில் கரும்பூசணமும் உரித்த வெண்தோல்களும் காணும். 2016-ல் தொடங்கப்பட்ட பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பூச்சியினால் வரும் நஷ்டமும் அடக்கம். காரணம் பிழையாய்ப் பதிந்தால் அடுத்த வருஷமும் அக்கிராமத்தார் நீருக்கே வழி தேடுவார்கள்.

எந்தப் பூச்சியென்று ஐயமுண்டானால், பத்துப் பூச்சிகளைச் சிறு புட்டியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, கிராமத்தின் பெயர், பயிரின் ரகம், நட்ட தேதி, பூச்சியைத் தூரில் எடுத்தீர்களா இலையில் எடுத்தீர்களா என்பவற்றைச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே இட்டு, அன்னவாசல் விரிவாக்க மையத்தில் சேர்ப்பிக்கலாம். மையால் எழுதினால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.